92 லட்சம் சொன்னார்கள், நான் 74 கேட்டேன், இப்போது 88க்கு வந்திருக்கிறார்கள். அடுத்து என்ன சொல்வது?

குழித்துறைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். மார்த்தாண்டத்துக்கும் குழித்துறைக்கும் இடையில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சாலையில் ஒரு கட்டடம் விலைக்கு வந்திருக்கிறது. பத்திரப்படி 5.25 சென்ட். கீழே இரண்டு கடை, மேலே இரண்டு வீடு, கட்டி இருபத்திரண்டு வருடம். நான் குடியிருக்க அல்ல, வாடகைக்கு விடத்தான் பார்க்கிறேன். வேலை திருவனந்தபுரத்தில், தினமும் ரயிலில் போய் வருகிறேன். பத்து வருடம் சேர்த்தது 36 லட்சம் கையில் இருக்கிறது, மீதி வங்கிக் கடன். என் குடும்பத்தில் இதுவரை யாரும் வாடகைக்கென்று சொத்து வாங்கியதில்லை, அதனால் கேட்க ஆள் இல்லை.

அவர்கள் சொன்ன விலை 92. பக்கத்தில் ஒரு காலி மனை சென்ட் 11 லட்சத்துக்கு முடிந்தது என்று தெரியும், அதை வைத்து மண்ணுக்கு 58, கட்டடத்துக்கு 16 என்று கணக்குப் போட்டு 74 சொன்னேன். தரகர் இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு 88க்குக் குறைத்திருக்கிறார்கள் என்றார். கூடவே, கேரளத்து நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு பார்ட்டி 86க்குத் தயாராக அட்வான்ஸோடு நிற்கிறது, ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்கிறார். இன்னொன்று, 30 லட்சம் ரொக்கமாக வேண்டுமாம், பத்திரத்தில் மீதியைக் காட்டிக்கொள்ளலாமாம்.

நான்கு பகுதிக்கும் சேர்த்து மாத வாடகை 31,500 என்கிறார்கள். ஒரு கடை இப்போது பூட்டிக் கிடக்கிறது, அடுத்த மாதம் ஆள் வருகிறதாம். சொத்து விற்பவர்களின் அப்பா பெயரில் 1998இல் வாங்கியது. அவர்களுடைய அப்பா, அம்மா இரண்டு பேரும் இப்போது உயிரோடு இல்லை. மூத்த மகன்தான் பேசுகிறார், தம்பி ஷார்ஜாவில்.

நான் 80 சொல்லலாமா, நேராக 84 சொல்லி முடித்துவிடலாமா? இடம் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, கைநழுவிப் போய்விடுமோ என்று இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

தோவாளை அண்ணன்:

தம்பி, முதலில் ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடுங்கள். நாகர்கோவிலில் மூன்று கட்டடம் வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறேன். மூன்றிலும் தரகர் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுத்தார், மூன்றிலும் அது தாண்டித்தான் விலை முடிந்தது. உண்மையிலேயே 86க்கு அட்வான்ஸோடு ஆள் நின்றால், விற்பவர் 74 கேட்ட உங்களிடம் 88 என்று இறங்கி வர வேண்டிய அவசியம் என்ன?

அப்புறம் வாடகையைப் பார்ப்போம். குடியிருக்க வாங்குபவர் மனசுக்குப் பிடித்ததா என்று பார்க்கலாம், வாடகைக்கு வாங்குபவருக்கு விலையைச் சொல்லித்தருவது வாடகைதான். 31,500ஐப் பன்னிரண்டால் பெருக்காதீர்கள். கடை காலியாகும், வீடு காலியாகும், வெள்ளை அடிக்க வேண்டிவரும். வருடத்துக்குப் பத்தரை மாதம் என்று வையுங்கள், 3.3 லட்சம் வருகிறது. சொத்துவரி, மோட்டார், மொட்டைமாடிக் கசிவு என்று ஒரு 40,000 கழியுங்கள். கையில் நிற்பது 2.9 லட்சம். இனி செலவுப் பக்கம். தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம். 92க்கு வாங்கினால் அதுவே 8.28 லட்சம், ஆக ஒரு கோடிக்கு மேல் போட்டு வருடத்துக்கு 2.9 லட்சம் எடுக்கிறீர்கள். மூன்று சதவீதம்கூட இல்லை. வங்கிக்கு நீங்கள் கட்டப்போகும் வட்டி எவ்வளவு என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

எனக்கு இந்த மாதிரிக் கட்டடத்தில் செலவு போக மூன்றரை சதவீதமாவது நிற்க வேண்டும், மீதியை மண்விலை ஏறுவது பார்த்துக்கொள்ளும் என்று ஒரு கணக்கு. 2.9ஐ மூன்றரையால் வகுத்தால் 83 லட்சம், அதில் பதிவுச் செலவை எடுத்தால் 76. என் கணக்கில் இதன் விலை 76. இடத்துக்காக இன்னும் ஐந்தாறு சேர்ப்பேன், 82க்கு மேல் ஒரு ரூபாய் போக மாட்டேன். உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம், அது தப்பில்லை. ஆனால் அந்தக் கடைசி எண்ணை இன்றைக்கே ஒரு தாளில் எழுதி வீட்டில் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். பேச்சு சூடாகும்போது எண் மாறும், எனக்கே மாறியிருக்கிறது, ஒரு கட்டடத்துக்கு 4 லட்சம் கூடக் கொடுத்தேன், இன்னும் வலிக்கிறது.

84ஐ இப்போதே சொல்லாதீர்கள். நீங்கள் பத்து ஏறினால் அவர் ஒன்று இறங்குவார். அவர் 4 இறங்கினார், நீங்கள் 3 ஏறுங்கள், அடுத்து இன்னும் குறைவாக ஏறுங்கள். படி சின்னதாகிக்கொண்டே வந்தால் உங்கள் பை காலியாகிறது என்று அவருக்கே புரியும். அவர் பதில் சொல்லும் முன் நீங்களே இன்னொரு எண்ணைச் சொல்லிவிடாதீர்கள், இதை எத்தனை பேர் செய்கிறார்கள் தெரியுமா, இரவு தூக்கம் வராமல் காலையில் தரகருக்குப் போன் போட்டு "சரி, இன்னும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள்.

பூட்டிய கடையை நேரில் பாருங்கள். ஒவ்வொரு கடைக்கும் தனி மீட்டர் இருக்கும், இரண்டு மாதத்துக்கு ஒரு பில். கடைசி ஆறு பில்லைக் கேட்டு வாங்கினால் அந்தக் கடை எத்தனை மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது என்று யூனிட் சொல்லிவிடும். கடைக்காரர்கள் கொடுத்திருக்கும் அட்வான்ஸ் எவ்வளவு என்றும் அவர்களிடமே கேளுங்கள். கட்டடம் கைமாறினால், அவர்கள் காலி செய்யும் நாளில் அந்தப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியவர் நீங்கள். அது விலையில் கழிய வேண்டும். இதைக் கேட்காமல் விடுகிறவர்கள் ரொம்பப் பேர்.

செங்கோட்டை பத்திரம்:

அண்ணன் சொன்ன கணக்கு சரி. நான் இருபது வருடமாக ஆவணம் எழுதுகிறேன், என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். குமரி மாவட்டமும் எங்கள் செங்கோட்டையும் முன்பு திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். இந்தப் பக்கச் சொத்துகளில் அதன் வாசனை இன்னும் போகவில்லை.

தம்பி, மூத்த மகன், ஷார்ஜா தம்பி என்று இரண்டு பேரைச் சொன்னீர்கள். சகோதரி உண்டா? இதைத்தான் நான் முதலில் கேட்பேன். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் இன்னும் அழுத்திக் கேட்பேன். திருவிதாங்கூரில் 1916ஆம் வருடச் சட்டப்படி, உயில் இல்லாமல் அப்பா இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது ஐயாயிரம் ரூபாய், எது குறைவோ அது. அதோடு அவள் கதை முடிந்தது. மேரி ராய் என்ற கிறிஸ்தவப் பெண் போட்ட வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் 1951லேயே போய்விட்டது, மகளுக்கும் சம பங்கு என்று தீர்த்துவிட்டது. ஆனாலும் ஊரில் "அவளுக்குக் கல்யாணத்துக்கே எல்லாம் கொடுத்தாகிவிட்டது" என்ற பேச்சு நிற்கவில்லை. கொடுத்தது வேறு, பங்கு வேறு. அவர் கையெழுத்து இல்லாமல் வாங்கினால் மூன்றில் ஒரு பங்கு உங்களுக்கு வரவே இல்லை. வாரிசுச் சான்று வாங்கிப் பாருங்கள். மூன்று பேரும் சம்மதித்த விலையா, அண்ணன் மட்டும் சொல்லும் விலையா என்று தெரியாமல் நீங்கள் ஏறுவதும் இறங்குவதும் காற்றோடு பேசுவது மாதிரி.

ஷார்ஜாக்காரர் நேரில் வருவாரா, பவர் (தனக்காக இன்னொருவர் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பத்திரம்) அனுப்புவாரா? பவர் என்றால் அங்கே இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். விற்பனைப் பதிவின்போது அவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றும் கேட்பார்கள். வரி இன்னொரு விஷயம். 50 லட்சமும் அதற்கு மேலும் போகும் சொத்துக்கு வாங்குபவர் விலையில் 1 சதவீதத்தை விற்பவருடைய வருமான வரியாகப் பிடித்துக் கட்ட வேண்டும் என்று பலருக்குத் தெரியும். வெளிநாட்டில் இருப்பவர் பங்குக்கு அந்த 1 சதவீதம் கிடையாது. நீண்டகால லாபத்துக்கு 12.5 சதவீதம், அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரி, 50 லட்சம் என்ற வரம்பும் அவருக்கு இல்லை. குறைவாகப் பிடிக்க அவர் வருமான வரி அலுவலகத்தில் சான்று வாங்கலாம், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். இதைப் பதிவு நாளன்று சொன்னால் சண்டை வரும், "பேசிய பணத்தைக் குறைக்கிறான்" என்பார்கள். விலை பேசும்போதே ஆடிட்டரைக் கேட்டுவிட்டுச் சொல்லிவிடுங்கள்.

ரொக்கம் 30 லட்சம், வேண்டவே வேண்டாம். சொத்துக்காக 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாகக் கைமாறினால், வாங்கிக்கொண்டவருக்கு அதே தொகை அபராதம் வரலாம். உங்களுக்கு என்ன நஷ்டம் என்றால், 82க்கு வாங்கி 52 என்று பதிந்தால் வங்கி 52ஐ வைத்துத்தான் கடன் தரும், நாளைக்கு நீங்கள் விற்கும்போது அந்த 30ம் உங்கள் லாபமாகக் கணக்காகும், அவர் கட்ட வேண்டிய வரியை நீங்கள் கட்டுவீர்கள். அதனால் ரொக்கம் என்ற பேச்சு வந்தால் "முழுவதும் வங்கி வழி, ஆனால் உங்களுக்கு விருப்பமான தேதியில்" என்று மாற்றிச் சொல்லுங்கள். தேதியும் ஒரு விலைதான்.

1998க்கு முந்தைய தாய்ப் பத்திரத்தையும் கேளுங்கள், அந்தப் பகுதியில் பழைய பாகப்பிரிவினை மலையாளத்தில் இருக்கும், படிக்கத் தெரிந்தவரிடம் படித்துக் கேளுங்கள். வில்லங்கச் சான்றை ஆன்லைனிலேயே பார்க்கலாம். அளந்துவிட்டும் பேசுங்கள். 5.25 என்று பத்திரம் சொல்லும், சாலை எவ்வளவு தின்றிருக்கிறது என்று சங்கிலி சொல்லும்.

கடைசியாக ஒன்று. நீங்கள் புதிதாக ஒரு விலை சொன்ன அந்த நிமிடமே அவர் சொன்ன 88 செத்துவிடுகிறது. இரண்டு நாள் கழித்து "சரி 88க்கே தாருங்கள்" என்றால் தர வேண்டிய கடமை அவருக்கு இல்லை. 1872 ஒப்பந்தச் சட்டம் அப்படி. அதனால் 88 உங்களுக்குக் கொள்ளும் விலை என்றால் மட்டும் பயப்படுங்கள், இல்லையென்றால் பயம் எதற்கு?

பாறசாலை அக்கா:

நான் எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், களியக்காவிளையிலிருந்து ஐந்து நிமிடம். நெய்யாற்றின்கரை பார்ட்டி என்று படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. எங்கள் பக்கம் ஒரு வீடு பார்க்கப் போனால் "நாகர்கோவில் பார்ட்டி ஒன்று வந்து நிற்கிறது" என்பார்கள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நீங்கள் அந்தப் பார்ட்டியோடு போட்டி போட வேண்டாம் தம்பி. "அவர் தருகிறார் என்றால் நல்லது, அவருக்கே கொடுங்கள், முடியவில்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வாருங்கள். கேரளத்தில் பத்திரச் செலவு 8ம் 2ம் சேர்ந்து 10 சதவீதம், உங்கள் பக்கம் 9, அதனால் இங்கிருந்து அங்கே வாங்க வருபவர்கள் உண்டு, முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

நான் பட்டதைச் சொல்கிறேன். நான்கு வருடம் முன்பு ஒரு சின்னக் கட்டடம், இரண்டு கடைமுறி. விலையை ஒன்றேகால் லட்சம் குறைத்துவிட்டேன் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் அவர்கள் கேட்ட கெடுவுக்குத் தலையாட்டிவிட்டேன், 45 நாள். அட்வான்ஸ் 3 லட்சம். வங்கி, பின்பக்கத்து நிலம் நெல்வயல் பட்டியலில் இருக்கிறது, காகிதம் சரியாகட்டும் என்று இழுத்தது. 2008 சட்டப்படி இங்கே வயல் என்று பதிவாகிவிட்டால் லேசில் மாற்ற முடியாது. 45 நாள் போயிற்று, கடன் வரவில்லை, மூன்று லட்சமும் போயிற்று. ஒப்பந்தத்தில் கடன் மறுக்கப்பட்டால் அட்வான்ஸ் திரும்பும் என்று ஒரு வரி இல்லை. நானும் என் வீட்டுக்காரரும் வக்கீலிடம் போனோம், எழுதாத வரியை அவரால் எப்படி வரவழைக்க முடியும்?

ஆகவே நீங்கள் 88க்குப் பதில் சொல்லும்போது எண்ணை மட்டும் சொல்லாதீர்கள். இத்தனை லட்சம், இத்தனை நாள், இவ்வளவு அட்வான்ஸ், கடன் கிடைக்காவிட்டால் இப்படி, கடைக்காரர் அட்வான்ஸ் இப்படி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒரே கட்டாகச் சொல்லுங்கள். தனித்தனியாகப் பேசினால் விலையில் ஜெயித்து மற்ற எல்லாவற்றிலும் தோற்போம்.

விற்ற கை:

நான் எதிர்ப்பக்கத்து ஆள். போன வருடம் தக்கலைப் பக்கம் அப்பாவின் கட்டடத்தை விற்றவன். தோவாளை அண்ணன் சொன்னதில் ஒரு விஷயம் எனக்கு ஒப்பவில்லை. பேசாமல் இருந்து படியைச் சின்னதாக்குவது சந்தையில் சரி. அப்பா கட்டிய கட்டடத்தை விற்பவனுக்கு அது அவமானமாகத்தான் படும். ஒருவர் நான் கேட்ட விலையில் பாதியைச் சொன்னார், ஏன் என்று காரணம் சொல்லவில்லை. பிறகு அவர் நல்ல விலைக்கு ஏறி வந்தும் நான் கொடுக்கவில்லை. கடைசியில் வாங்கியவர் மூன்று லட்சம் குறைவாகத்தான் கொடுத்தார். ஆனால் வீட்டுக்கு வந்தார், அம்மாவிடம் உட்கார்ந்து பேசினார், எந்தச் சுவர் எந்த வருடம் கட்டியது என்று கேட்டார், பின்சுவர் விரிசலைக் காட்டி "இதைச் சரிசெய்ய எனக்கு இரண்டு லட்சம் ஆகும் அண்ணா" என்றார். காரணத்தோடு குறைத்தால் கோபம் வராது.

தரகர் வழியாக மட்டும் எண்ணைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். உங்கள் 74க்குப் பின்னால் சென்ட் 11 என்ற கணக்கு இருந்தது அவர்களுக்குத் தெரியுமா? தெரிந்திருக்காது. 74 என்ற சொல் மட்டும்தான் போய்ச் சேர்ந்திருக்கும். ஊரில் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். தரகருக்கு அவர் கமிஷனை ஒளிக்காமல் கொடுத்துவிடுங்கள், அவரை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள் என்று தோன்றினால் காரியம் கெட்டுவிடும். இன்னொன்று, அவர்கள் ஏன் விற்கிறார்கள் என்று விசாரியுங்கள். எனக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது பணத்தை விடத் தேதி. மகளின் கல்லூரிப் பணம் கட்ட வேண்டிய நாளுக்குள் ஒரு பகுதி கையில் வர வேண்டும், அவ்வளவுதான்.

தோவாளை அண்ணன்:

ஒத்துக்கொள்கிறேன். நான் வாங்கிய மூன்றும் வியாபாரிகளிடமிருந்து, அதனால் எனக்கு இது தோன்றவில்லை. படியைச் சின்னதாக்குங்கள், ஆனால் ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் சொல்லுங்கள் என்று மாற்றிக்கொள்கிறேன்.

குழித்துறைக்காரன்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், அவர்தான் என்னோடு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தாண்டிவிட்டது, நெய்யாற்றின்கரை பார்ட்டியைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. சர்வேயரை வைத்து அளந்தோம், 4.9 சென்ட்தான் இருக்கிறது, முன்பக்கம் 0.35 சாலையில் போயிருக்கிறது. சென்ட் 11 என்று பார்த்தால் அதுவே 3.85 லட்சம். மின்சார பில்லைக் கேட்டு வாங்கினேன், பூட்டிய கடையில் ஒரு வருடமாக ஒரு யூனிட்கூட ஓடவில்லை. கடைக்காரர், வீட்டுக்காரர் அட்வான்ஸ் எல்லாம் சேர்த்து 2.5 லட்சம். சகோதரி இருக்கிறார், நாகர்கோவிலில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள், விற்கப்போவது அவருக்கு அன்றுவரை தெரியாது. செங்கோட்டை அண்ணா, அதைக் கேட்டதும் உங்களைத்தான் நினைத்தேன். கிறிஸ்தவக் குடும்பம்தான். அவரும் வந்து உட்கார்ந்த பிறகுதான் நாங்கள் விலை பேசினோம், அவருக்கும் மூன்றில் ஒரு பங்கு என்று அண்ணன்தம்பிகள் ஒப்புக்கொண்டார்கள். அந்த அக்கா என் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அளந்த தாளையும் பில்லையும் முன்னால் வைத்து 77 சொன்னேன். மூத்தவர் 85 என்றார். மொட்டைமாடிக் கசிவைப் பற்றிப் பேசி, நான் 79, அவர் 83.5. பிறகு யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை, தேநீர் வந்தது. அவர்களுக்குத் தேவை என்னவென்றால் ஷார்ஜாக்காரர் அடுத்த மாதம் பத்து நாள் லீவில் வருகிறார், அதற்குள் ஒப்பந்தமும் கொஞ்சம் பணமும். அது எனக்குக் கஷ்டமில்லை. 82, அதில் 2.5 லட்சம் வாடகைக்காரர் அட்வான்ஸ் கழிவு, முழுவதும் வங்கி வழி, கிரயத்துக்கு 90 நாள், வெளிநாட்டுப் பங்குக்கு வரிப் பிடித்தம் உண்டு என்று ஒரே கட்டாகச் சொன்னேன். சம்மதித்தார்கள். ஷார்ஜாக்காரர் சான்றுக்கு இப்போதே மனு போடுகிறார்.

தோவாளை அண்ணா, தாளில் நான் எழுதி அம்மாவிடம் கொடுத்திருந்த எண் 82. 83க்கு முடித்துவிடலாம் என்று வாய்வரை வந்தது, அம்மா முகம் ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன்.

விற்பனை ஒப்பந்தத்தை வியாழக்கிழமை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிகிறோம், அட்வான்ஸ் 5 லட்சம். வங்கி கடனை மறுத்தால் அது பதினைந்து நாளில் திரும்ப வேண்டும் என்ற வரியை மூன்றாவது பக்கத்தில் சேர்த்தாயிற்று, பாறசாலை அக்கா. மலையாளப் பாகப்பிரிவினை ஒன்று, 1950இல் எழுதியது, இன்னும் படிக்காமல் கையில் இருக்கிறது. மார்த்தாண்டம் பக்கம் பழைய மலையாளக் கையெழுத்து படிக்கத் தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், புதன்கிழமைக்குள் வேண்டும்.